திறவா இணைய வாயில்



மே மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வு. ஒரு தலைமுறைக்கு முன்னர் விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்குவதற்குத் தந்தையர் விடியற்காலையில் பேருந்து ஏறிச் சென்று கல்லூரி வாயிலில் வரிசையில் நின்றனர். அந்த வரிசை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. விண்ணப்பம், கட்டணம், தரவரிசைப் பட்டியல், நுழைவுச் சீட்டு, பாடக்குறிப்பு, தேர்வு முடிவு ஆகிய யாவும் இணையதளம் வழியாகவே நடைபெறுகின்றன. பல்கலைக்கழகத்தின் முதல் வாயில் இப்போது கணினித் திரையில் இருக்கிறது. அந்த வாயில் எவர்க்கெல்லாம் திறக்கிறது, எவர்க்குத் திறப்பதில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

பார்வையற்ற மாணவி ஒருத்தியை மனத்தில் இருத்திக்கொண்டு இதனை நோக்குதல் நலம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள் என்று வைத்துக்கொள்ளலாம். பிரெய்ல் எழுத்தில் படித்து, சொல்வதை எழுதுபவர் துணையோடு தேர்வெழுதி, நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். தமிழ் இலக்கியம் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். வீட்டில் கணினி இருக்கிறது. அதனைத் தனியே இயக்கவும் அவளுக்குத் தெரியும்.

பார்வையற்றவர் கணினியை எவ்வாறு இயக்குவார் என்னும் ஐயம் அவையில் சிலருக்கு எழக்கூடும். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றைத் திரைவாசிப்பான் என்று வழங்கலாம். அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது உலகெங்கும் பயன்படுவது. அதனை உருவாக்கிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகிய இருவரும் ஆஸ்திரேலியர், இருவருமே பார்வையற்றவர்கள். சிறுவயதில் இசைப் பயிற்சி முகாம் ஒன்றில் சந்தித்து நண்பரானவர்கள். அந்நாளில் விற்பனையில் இருந்த மென்பொருளின் விலை பார்வையற்றோர் பலருக்கு எட்டாததாக இருந்தமையால், எவரும் விலையின்றிப் பெறத்தக்க ஒன்றை உருவாக்கும் பணி 2006 ஆம் ஆண்டில் தொடங்கியது. அம்மென்பொருள் தமிழையும் படிக்கிறது. கருவி கையில் இருக்கிறது, மாணவியும் ஆயத்தமாக இருக்கிறாள் என்றால், குறை எங்கே?

திரைவாசிப்பான் மனிதக் கண்ணைப் போலப் பக்கத்தை ஒருசேர நோக்குவதில்லை. பக்கத்தின் பின்னால் எழுதப்பட்டுள்ள நிரலைப் படித்து, அதில் உள்ளதையே சொல்கிறது. ‘இது தலைப்பு’, ‘இது தந்தை பெயர் எழுதும் கட்டம்’, ‘இது கட்டணம் செலுத்தும் பொத்தான்’ என்று நிரலில் குறித்திருந்தால் அவ்வாறே கூறும். குறிக்கவில்லையெனில், விண்ணப்பத்தில் இருபது கட்டங்கள் இருப்பினும், ‘எழுதும் கட்டம்’, ‘எழுதும் கட்டம்’ என்று இருபது முறை ஒலிக்கும். எந்தக் கட்டத்தில் பிறந்த நாள், எந்தக் கட்டத்தில் மதிப்பெண் என்பது கேட்பவருக்கு விளங்காது. ‘இங்கே சொடுக்குக’ என்னும் இணைப்பு ஒரே பக்கத்தில் பத்து இடங்களில் இருந்தால், எதைச் சொடுக்கினால் எங்கே செல்லும் என்பதும் புலப்படாது. அறிவிப்பை ஒளிப்படமாக ஏற்றி, அதற்கு விளக்கச் சொல் தராது விட்டுவிட்டால், ‘படம்’ என்ற ஒரு சொல்லோடு குரல் நின்றுவிடும். அந்தப் படத்துக்குள்தான் கடைசி நாள் இருக்கும்.

இவற்றையெல்லாம் கடந்து வந்தாலும் இறுதியில் ஒரு தடை காத்திருக்கிறது. வளைத்தும் நெளித்தும் வரையப்பட்ட சில எழுத்துகளைக் காட்டி, ‘இதில் கண்டதைத் தட்டச்சு செய்க’ என்று கேட்கும் கேப்சா அது. விண்ணப்பிப்பவர் இயந்திரம் அல்லர், மனிதரே என்பதை உறுதி செய்வதற்காக அது வைக்கப்பட்டது. கண் தெரியாதவரை மனிதர் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும் சோதனையாக அது ஆகிவிட்டது என்பதை அமைத்தோர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒலிவடிவில் மாற்று வழி வைப்பதும், வேறு எளிய முறையில் சரிபார்ப்பதும் இயலாதவை அல்ல.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் கணினியில் தமிழ் எழுதப் பல எழுத்துரு முறைகள் இருந்தன. பாமினி அவற்றுள் ஒன்று. அத்தகைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் வரையப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியின் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. திரைவாசிப்பான் அவற்றைத்தான் படிக்கும். தாயைக் குறிக்கும் சொல்லே இந்தப் பாடு படுமெனில், நாற்பது பக்கப் பாடத்திட்டம் என்ன பாடுபடும்! சங்க இலக்கியமும் இலக்கணமும் படிக்க வந்த மாணவியின் காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் இரைச்சலே விழும்.

தமிழ்நாடு அரசு 2010 ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்திலேயே, ஒருங்குறியைத் தன் தர முறைகளுள் ஒன்றாக ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த பாடத்திட்டங்களும் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் இன்றும் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. சில இடங்களில் கோப்பை அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்டு, அந்தத் தாளை மீண்டும் வருடி பி.டி.எஃப். ஆக ஏற்றுகின்றனர். எழுத்தாக இருந்தது படமாகிவிடுகிறது. ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்திருந்தாலும் பி.டி.எஃப். ஆக்கும் முறை சரியில்லையெனில் கொம்பும் காலும் இடம் மாறிச் சொல் சிதைவதுண்டு. தமிழ்த்துறைகளின் பாடக்குறிப்புகளே இந்நிலையில் இருப்பது, மொழியைக் கற்பிப்போர்க்கு உரிய அழகன்று. இத்தகைய விழா மலர்களும் அழைப்பிதழ்களும் கூடப் படமாகவே வலம் வருகின்றன என்பதை இடையே குறிப்பிடுதல் தவறாகாது.

மீண்டும் அந்த மாணவியிடம் வரலாம். தானே விண்ணப்பிக்க இயலாத நிலையில் அவள் கடைத்தெருவில் உள்ள பிரவுசிங் சென்டருக்குச் செல்கிறாள். முன்பின் அறியாத ஒருவரிடம் ஆதார் எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும், குடும்ப வருமானச் சான்றையும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. விருப்பப் பாட வரிசையை அவர் நிரப்புகிறார். தமிழ் இலக்கியத்துக்கு அருகில் உள்ள மற்றொரு பாடத்தை அவர் கை தவறித் தேர்ந்துவிட்டால், அதைச் சரிபார்க்கும் வழி அவளுக்கு இல்லை. தவறு பட்டியல் வெளியான பின்னர்தான் தெரியவரும். நான்கைந்து நாளில் முடியும் கலந்தாய்வில் ஓராண்டு போய்விடும்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. இடத்தை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தைக் கேட்கும் படிவத்தை அவர்களால் நிரப்ப முடியாதவாறு வைத்திருப்பது எவ்வகை நீதி என்பது கேட்கத்தக்க கேள்வி.

பார்வைக் குறைபாட்டை மட்டும் எண்ணி நின்றுவிடலாகாது. மேற்சொன்ன சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் மாணவனுக்குச் சுட்டியைப் பிடித்துச் சிறு பொத்தானைச் சொடுக்குவது அரிது. விசைப்பலகையின் டேப் விசையை அழுத்தி ஒவ்வொரு கட்டமாகச் செல்ல முடிந்தால் அவன் வேலையை முடித்துவிடுவான். படிவம் பத்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளுமாயின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காது கேளாதவருக்கு எழுத்துரை இல்லாத காணொலிப் பாடம் ஊமைப்படமே. நிறக்குருடு உள்ளவருக்குச் ‘சிவப்பில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்புக’ என்னும் அறிவுரையால் பயனில்லை. வெளிர் சாம்பல் நிற எழுத்தை வெண்பின்னணியில் அச்சிடும் இந்நாளைய நாகரிகம், அறுபதைக் கடந்த எவரையும் திணற வைக்கும் என்பதற்கு இந்த அவையிலேயே சான்றினர் பலர் உளர்.

இக்குறைகள் எவையும் புதிதாகக் கண்டறிய வேண்டியவை அல்ல. வையவிரிவு வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1994 ஆம் ஆண்டில் நிறுவிய வையவிரிவு வலைக் கூட்டமைப்பு, 1999 ஆம் ஆண்டிலேயே இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவை விரிவுபெற்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என இருக்க வேண்டும், நேர வரம்பு முடியுமுன் எச்சரித்து நீட்டித்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்றெல்லாம் அளவோடு கூறுபவை அவை. இந்திய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009 ஆம் ஆண்டு முதல் உள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17802 என்னும் தரத்தை வகுத்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022 ஆம் ஆண்டில் உயர்கல்வி நிறுவனங்களுக்கென அணுகல் நெறிகளை வெளியிட்டது. ஏடுகளுக்குக் குறைவில்லை.

நெறி என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு. இவ்விடைவெளியை உச்சநீதிமன்றம் கூர்ந்து நோக்கியது. பார்வைக் குறைபாடு உடைய ராஜீவ் ரதூரி என்பவர் 2005 ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. சட்டம் கட்டாயமாக்கியதை விதிகள் வெறும் பரிந்துரையாகத் தளர்த்திவிட்டன என்று கண்டு, 2017 ஆம் ஆண்டு விதிகளின் 15 ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என நீதிமன்றம் உரைத்தது. தவிர்க்க இயலாத குறைந்தபட்சத் தரங்களை வகுக்குமாறு அரசைப் பணித்தது. அடுத்து 2025 ஏப்ரல் 30 அன்று, அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் ஆகியோர் தொடுத்த வழக்குகளில் மற்றொரு தீர்ப்பு வந்தது. வங்கிக் கணக்குத் தொடங்கும்போது ‘கண்ணை இமைத்துக் காட்டுக’ என்று இயந்திரம் கேட்டது. அமிலத்தால் கண் சிதைந்தவர் எவ்வாறு இமைப்பார்? நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21 ஆம் உறுப்பு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, 20 ஆணைகளைப் பிறப்பித்தனர். அவ்வழக்கு வங்கிகளைப் பற்றியது. அதன் அடிப்படை கல்விக்கும் பொருந்துவதே.

இத்தனையையும் கேட்ட பின்னரும் நிர்வாகத்தார் தரப்பில் ஒரு மறுமொழி உண்டு: ‘செலவு பெரிது, ஒரு சிலருக்காக அனைத்தையும் மாற்ற இயலுமா?’ இதனை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க பாடம்.

பெர்க்லியின் வரலாற்றில் எட் ராபர்ட்ஸ் என்பவருக்குத் தனியிடம் உண்டு. பதினான்கு வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ முற்றும் செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் எனப்படும் உருளைக் கருவிக்குள் உறங்க வேண்டியவர். மாநில மறுவாழ்வுத் துறை, இவர் வேலைக்கு ஆகாதவர் என்று கருதிப் படிப்புக்கு உதவ முதலில் மறுத்தது. 1962 ஆம் ஆண்டில் பெர்க்லி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த இரும்புக் கருவியை வைக்க விடுதியில் இடமில்லாததால், வளாக மருத்துவமனையிலேயே அவருக்கு அறை தரப்பட்டது. பின்னாளில் தம்மை மறுத்த அதே துறைக்கு அவர் இயக்குநரானார். சக்கர நாற்காலிக்காக நடைபாதை ஓரங்களைச் சாய்தளமாக்கும் வழக்கம் அந்நகரில் வேரூன்றியதில் அவருக்கும் அவர் தோழர்களுக்கும் பங்குண்டு.

அத்தகைய பல்கலைக்கழகமே இணையத்தில் தடுமாறியது. அது பொதுமக்களுக்கென்று விலையின்றி வெளியிட்ட விரிவுரைக் காணொலிகளில் பலவற்றுக்கு எழுத்துரை இல்லை. இருந்தவற்றிலும் பிழைகள் மலிந்திருந்தன. காது கேளாதோர்க்கான காலாடெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இருவரின் சார்பில், அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கம் 2014 ஆம் ஆண்டில் முறையிட்டது. 2016 ஆகஸ்டு மாதம் அந்நாட்டு நீதித்துறை, முறையீடு சரியே என்று அறிவித்தது. பெர்க்லி என்ன செய்தது? 2017 மார்ச்சு மாதம் 20,000-க்கும் மேற்பட்ட விரிவுரைக் காணொலிகளையும் ஒலிப்பதிவுகளையும் பொதுமக்கள் பார்வையிலிருந்தே நீக்கிவிட்டது. செவியுள்ளோரும் இழந்தனர், செவியில்லார்க்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. உலகெங்கும் பலர் சினந்தனர். அந்தச் சினத்தில் ஒரு பகுதி முறையிட்டவர்கள் மீது பாய்ந்தது வருந்தத்தக்கது. கேட்டவர்கள் எழுத்துரையைத்தான் கேட்டனர், நீக்கத்தைக் கேட்கவில்லை. கிணற்றுப் படி உடைந்திருக்கிறது, சீர் செய்யுங்கள் என்றவரைப் பார்த்துக் கிணற்றையே தூர்த்துவிட்டு, ‘உங்களால்தான்’ என்பது போன்ற செயல் இது. இறுதியில் 2022 நவம்பரில் பல்கலைக்கழகமும் நீதித்துறையும் உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தன; இணைய உள்ளடக்கத்தைக் குறித்த காலத்துக்குள் அணுகத்தக்கதாக ஆக்குவதாகப் பல்கலைக்கழகம் ஏற்றது. 2015 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுக்கப்பட்ட ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் அதற்கு முன்னரே தம் காணொலிகளுக்கு எழுத்துரை தர இசைந்துவிட்டன.

செலவைப் பற்றிய வாதத்தின் உண்மை இங்கே தெரிகிறது. 20,000 காணொலிகள் குவிந்த பின்னர் எழுத்துரை சேர்ப்பது பெருஞ்செலவு என்பது மெய்தான். முதற்காணொலி ஏறிய நாளிலேயே சேர்க்கத் தொடங்கியிருந்தால் அது பாடம் நடத்துவதன் ஒரு பகுதியாக அமைந்திருக்கும். கட்டி முடித்த வீட்டில் சாய்தளம் வைக்கச் சுவரை இடிக்க வேண்டும். அடித்தளம் போடும்போது கூறியிருந்தால் கொத்தனார் அரை நாளில் முடித்திருப்பார். பல்கலைக்கழகங்கள் தம் இணையதளத்தைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களிடம் விடுகின்றன. ஒப்பந்தப் புள்ளியிலேயே இந்தத் தரம் வேண்டும், பார்வையற்ற பயனர்கள் சோதித்த பின்னரே தொகை வழங்கப்படும் என்று இரண்டு வரி எழுதுவதற்குத் தனிச்செலவு இல்லை. கணினி அறிவியல் துறையை வைத்திருக்கும் பல்கலைக்கழகம், தன் மாணவர்க்கு இதனைப் பாடமாகவும் பயிற்சியாகவும் தரலாம்.

ஒரு போலி மருந்தையும் இங்கே சுட்டுதல் வேண்டும். பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னம் ஒன்றை ஒட்டி, அதைச் சொடுக்கினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும் என்று அமைத்துவிடுகின்றனர். பெயர் குறிக்கப்படாத கட்டமும் படமாக ஏற்றிய சுற்றறிக்கையும் பின்னால் அப்படியே இருக்கும். சுவரில் விரிசல் இருக்கச் சுண்ணாம்பு பூசியது போலத்தான்.

அவையில் உள்ள பெற்றோரும் மாணவரும் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். தம் பிள்ளை சேர விரும்பும் கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து, சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப் விசையையும் எண்டர் விசையையும் மட்டும் கொண்டு விண்ணப்பப் பக்கம் வரை செல்ல முயலலாம். பாடத்திட்டக் கோப்பில் உள்ள தமிழ்ச்சொல் ஒன்றை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழாகவே வருகிறதா, ஆங்கில எழுத்துகளாகச் சிதறுகிறதா என்பது உடனே தெரியும். ஐந்து நிமிடப் பணி இது. குறை கண்டால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று குறிப்பிட்டு எழுதலாம்.

அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு கூறுகிறது. வந்த முறையீட்டை அவர் பதிவேட்டில் ஏற்றி, பதிவான நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நிறைவு இல்லையெனில் மாவட்ட அளவிலான குழுவை நாடலாம். மாநில ஆணையரிடமும் முறையிடலாம். முறையீடு எழுதுவோர் வெளிப்படையாகத் தேதியிட்டு எழுதி, பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். கலந்தாய்வு தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே எழுதிவிடுதல் நலம். அப்போதுதான் அந்த ஆண்டு விண்ணப்பிக்கும் மாணவிக்கு அது பயன்படும்.